ரப்பர் விளை ஓடையில் நாட்டுமீன் திரும்பி வர

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குக் கிழக்கே எனக்கு எழுபது சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) உண்டு. விளையின் அடியில் ஓர் ஓடை போகிறது. எங்கள் பேச்சில் தோடு. மேலே காட்டோரத்தில் ஊறி, ஏழெட்டுப் பேருடைய விளைகளைத் தொட்டுக்கொண்டு இறங்கி, கோதையாற்றில் போய்ச் சேரும். நான் கல்யாணமாகி வந்த காலத்தில் பால் எடுத்து முடித்து வாளி கழுவக் குனிந்தால், கையைக் கொத்த மீன் கூடிவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, ஓடைக்கரையில் நின்ற பத்தொன்பது ரப்பர் மரமும் வேரோடு சாய்ந்தன. அந்த நஷ்டத்தையே எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த மார்ச்சில் ஓடையில் கால் வைத்தபோதுதான் இன்னொரு நஷ்டம் தெரிந்தது. தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. கல்லெல்லாம் பச்சை வழுவழுப்பு. கல்லொட்டி மீன் ஒன்றைக்கூடக் காணோம்.

அன்று முதல் நானும் பக்கத்து விளைக்காரர் மூன்று பேரும் சேர்ந்து செய்ததையும், செய்து கெட்டதையும் எழுதுகிறேன். சுருளகோடு, கீரிப்பாறை, பேச்சிப்பாறை, அருமனை என்று நம் மாவட்டத்தின் மலையடிவாரம் முழுக்க இப்படிப்பட்ட ஓடைகள்தான். உங்கள் விளை வழியாகவும் ஒன்று போகிறதென்றால், நீங்கள் தொடங்கும்போது எனக்கு வீணான இரண்டு வருஷம் உங்களுக்கு வீணாக வேண்டாம்.

முதலில் ஒன்று. மீன்குஞ்சு வாங்கி விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மீன் போனதற்குக் காரணம் ஓடையில் இருக்கிறது. காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீனை விட்டால், விட்ட மீனும் போகும். காரணத்தைச் சரிசெய்தால் மேலே காட்டுக்குள் மிச்சமிருப்பதும் கீழே ஆற்றில் இருப்பதும் தானாகவே வந்து சேரும்.

யாருக்காக இந்தப் பாடு

ஓடைமீன் என்றால் கெண்டை, கெளுத்தி என்று இரண்டு பேரோடு பலர் நிறுத்திவிடுவார்கள். கல்லொட்டிக்கு வாய் முகத்தின் அடியில் இருக்கும். அதை ஒட்டிச் சின்னதாய் ஒரு வட்டம். அந்த வட்டத்தால் கல்லைப் பற்றிக்கொண்டு, எவ்வளவு இழுப்பிலும் நகராமல் பாசியை மேயும். அயிரை மணலுக்குள் புதைந்து கிடக்கும். மானத்துக்கண்ணி மேல்மட்டத்தை விட்டு இறங்காது. மண்டையில் ஒரு வெள்ளிப்பொட்டு மின்னும், கொசுப்புழு அதற்குத் தீனி. வட்டான் வரால் சாதி. ஆண்மீன்தான் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். பொட்டுக்கெண்டைக்கு வால் பக்கம் கறுத்த பொட்டு, ஆணுக்கு முதுகுத் துடுப்பு நூல்நூலாக நீளும்.

விலாங்கின் கதை வேறு. அது கடலில் பிறக்கிறது. குஞ்சாக ஆற்றுவாயில் நுழைந்து, மேலேறி, நம் ஓடைகளில் வருஷக்கணக்காக வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிறது. கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாக ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. என் விளைக்கு வரும் விலாங்கு அத்தனை தூரத்தையும் ஏறித்தான் வருகிறது.

ஒன்றுக்குக் கல் வேண்டும், ஒன்றுக்கு மணல், ஒன்றுக்குக் கரையோரம் தேங்கிய தண்ணீர், ஒன்றுக்குக் கயம் (ஆழமான தண்ணீர்க்குழி), ஒன்றுக்குக் கடல்வரை அடைபடாத வழி. மேடுபள்ளமில்லாமல், வளைவில்லாமல், சானல் மாதிரி நேராக்கப்பட்ட ஓடையில் இவை எல்லாம் இராது. ‘சுத்தப்படுத்துகிறோம்’ என்று ஜேசிபியை இறக்கி அடிமண்வரை வழித்தெடுத்த ஓடையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வேகமாக ஓடும், அவ்வளவுதான். அதில் மீனுக்கு இடமில்லை.

நடந்து பாருங்கள்

வேலை தொடங்குமுன் ஓடையை இரண்டு முறை நடந்து பாருங்கள். ஒன்று பிப்ரவரி கடைசியில், தண்ணீர் மெலிந்து கிடக்கும்போது. மற்றது ஜூனில், மழை பிடித்து நாலைந்து நாள் கழித்து. நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. அதனால் நம் ஓடைகள் வருஷத்தில் இரண்டு தடவை நிறைந்து இரண்டு தடவை மெலிகின்றன. மெலிந்த காலத்தில் மீன் எங்கே ஒதுங்குகிறது, நிறைந்த காலத்தில் எங்கே தடைபடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காலுக்கு பூட்ஸ் போடுங்கள், அட்டை ஏறும். இலைக்குவியலில் கை வைக்குமுன் கம்பால் தட்டுங்கள்.

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும், நிழலில் ஓர் இடத்திலும் வெயிலில் ஓர் இடத்திலும் வைத்துப் பார்த்து எழுதுங்கள். என் விளையில் மரம் சாய்ந்த இடத்தில் மார்ச் மாதம் மூன்று மணிக்கு 31 டிகிரி. அங்கிருந்து நூறு மீட்டர் மேலே, மரம் மூடின இடத்தில் 26. ஒரே ஓடை, ஒரே நேரம். இந்த வித்தியாசம் மீனுக்குச் சின்ன விஷயமில்லை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறையும்.

பிறகு உள்ளங்கையளவு கல் ஒன்றை எடுத்துத் திருப்புங்கள். அடியில் மூன்று வாலுள்ள தட்டையான பூச்சிக்குஞ்சு ஓடினால் நல்லது. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் ஒரு புழு இருந்தால் இன்னும் நல்லது. மீனுக்குச் சோறு இதுதான், தண்ணீர் கெடவில்லை என்பதற்குச் சாட்சியும் இதுதான். சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் மேலே எங்கேயோ ஏதோ கலக்கிறது. பார்த்த கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே வையுங்கள்.

உறைப்புரையிலிருந்து வரும் தண்ணீர்

எங்கள் ஓடையில் கலந்தது எது என்று கண்டுபிடிக்க வெகுநாள் ஆகவில்லை. நாங்கள் எல்லோரும் ஊற்றியதுதான் அது. உறைப்புரை என்னும் கொட்டகையில் ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் சேர்த்து உறையவைத்து, மெஷினில் கொடுத்து ஷீட் அடிக்கிறோம். பிழிந்து வடியும் வெள்ளைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஓடையில் விடுவது வழக்கம். அதில் ஃபார்மிக் ஆசிட் மட்டுமில்லை. பாலில் இருந்த புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன. அவை தண்ணீரில் கிடந்து புளிக்கும்போது அங்குள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். கோடைக்காலத்து மெலிந்த ஓடைக்கு ஒரு நாள் ஷீட்டுத் தண்ணீரே அதிகம்.

மேல்விளை மாமாவிடம் இதைச் சொன்னபோது, “நா பொறந்த காலந்தொட்டு இதிலதான் ஊத்துகோம், இப்பத்தான் மீனு சாவுதாக்கும்?” என்றார். நான் வாதம் பண்ணவில்லை. பேத்தியின் பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து பிஎச் தாள் இரண்டு எடுத்துப் போனேன். ஒன்றை அவர் உறைப்புரைக்கு மேலே ஓடையில் நனைத்தேன், பச்சையாக நின்றது. இன்னொன்றை அவருடைய வாய்க்கால் வாயில் நனைத்தேன். நுனியிலிருந்து மஞ்சளாகி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மஞ்சளுக்குப் போனது. தாளை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்தார். “குழி எவ்ளோ ஆழம் வேணும் மோளே?” என்று கேட்டார்.

குழி இப்படி. நாலடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் முப்பது அடியாவது தள்ளித் தோண்டுங்கள். அடியில் ஓரடிக்குச் சல்லி, அதன்மேல் தேங்காய்த் தொண்டு (மட்டை) அடுக்கி, வாரம் ஒரு முறை இரண்டு கைப்பிடி நீற்றுச் சுண்ணாம்பு தூவுங்கள். குழி நிறைந்து வழியும் தண்ணீர் வாழை மூட்டுக்குப் போகும்படி சரிவு கொடுங்கள். தொண்டு அழுகினால் மாற்ற வேண்டும், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தரம். கையில் அவ்வளவு இடமில்லாதவர்கள், தண்ணீர் மெலிந்த இரண்டு மாதம் மட்டும் ஷீட் அடிக்காமல் பாலாகவோ ஒட்டுப்பாலாகவோ (தானாக உறைந்த பால்) கொடுத்துவிடலாம். எங்களில் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.

இன்னொரு விஷம் துரிசு, அதாவது செம்பு கலந்த மயில்துத்தம். ரப்பரின் மழைக்கால இலையுதிர்வு நோய்க்கு முன்னெச்சரிக்கையாக மே மாதம் துரிசும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். செம்பு மீனுக்குக் கடும் விஷம். சுண்ணாம்புச் சத்து குறைந்த மலைத்தண்ணீரில் அதன் விஷம் இன்னும் ஏறும். அடிக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, மரம்தான் எங்கள் சோறு. ஆனால் மருந்து கலக்கும் டிரம்மை ஓடையில் கழுவாதீர்கள். கரையிலிருந்து முதல் இரண்டு வரிசை மரத்தை விட்டுவிட்டு அடியுங்கள். மழை கருக்கொண்டு நிற்கும் நாளில் அடிக்காதீர்கள்.

கரைக்கு மரம்

ரப்பர் ஓடைவரை நின்றால் நிழல் இருக்குமே, பிறகென்ன என்று நானும் நினைத்தேன். தெர்மாமீட்டர் கணக்கை ஒரு வருஷம் எழுதின பிறகுதான் புரிந்தது. ரப்பர் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரிவரை இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். ஓடையில் தண்ணீர் மெலிவதும் அப்போதுதான். நிழல் எப்போது அவசியமோ சரியாக அப்போது அது இல்லை. அதோடு ரப்பர் வேர் கரையைப் பிடிக்கிறதும் போதாது. ஒக்கியில் சாய்ந்த ஒவ்வொரு மரமும் ஒரு வண்டி மண்ணை ஓடையில் தள்ளியது.

என் தம்பி மகன் கனடாவில் இருக்கிறான். அந்த நாட்டுக் கிழக்குப் பகுதி ஓடைகளில் புரூக் டிரவுட் என்று ஒரு மீன். பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு, அடித்துடுப்பின் ஓரம் வெள்ளைக்கோடு. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆகாது. அதைக் காப்பாற்ற அங்கே செய்வது என்னவென்று கேட்டேன். கரையில் மரம் நடுகிறார்களாம், ஓடையில் மரத்தடி போடுகிறார்களாம், பாதைக்கு அடியிலுள்ள குழாயை மாற்றுகிறார்களாம். மீன் வேறு, குளிர் வேறு. வேலை மட்டும் நம் வேலைதான்.

நடும் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூனில் நீர்மருதுக் கன்றுகளைத் தண்ணீர் தொடும் இடத்திலேயே வரிசையாக நட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அந்த நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று நாளில் ஒரு கன்று மிச்சமில்லை. கன்று நின்ற மண்ணுமில்லை. அடியில் பிடிமானம் இல்லாமல் மேலே மரம் நட்டது என் பிழை.

இப்போது மூன்று படியாக நடுகிறோம். தண்ணீர் தொடும் விளிம்பில் புல்லும் புதரும்: வெட்டிவேர்த் தூர்களை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி, வளைவு திரும்பும் இடங்களில் கைதை (தாழையை நாங்கள் அப்படிச் சொல்வோம்). பாறை இடுக்குள்ள இடமென்றால் காட்டலரி. அலரி போல ஒடுங்கின இலையோடு வெள்ளத்தில் படுத்து, வெள்ளம் வடிந்ததும் எழுந்து நிற்குமே, அந்தக் குத்துச்செடி. அதற்கு மேல்படியில், மழைக்காலத் தண்ணீர் ஏறி இறங்கும் சரிவில், புன்கும் நீர்க்கடம்பும். கரையின் தலைப்பில் நீர்மருது, ஞாவல் (நாவல்), புன்னை, இலுப்பை. மரத்துக்கு மரம் ஆறடி, இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று விலகினாற்போல. முதலில் விளிம்பை நடுங்கள். அது ஒரு மழைக்காலத்தைத் தாங்கி நின்றபிறகு அடுத்த ஜூனில் மரக்கன்றை நடுங்கள். இந்த ஒரு வருஷப் பொறுமை இல்லாமல்தான் நான் தோற்றேன். கன்றுக்கு விதையை உங்கள் ஆற்றங்கரையிலிருந்தே எடுங்கள். திற்பரப்புக்குக் கீழே நாங்கள் பொறுக்கிய மருது விதை முளைத்த அளவுக்கு வாங்கின கன்று பிழைக்கவில்லை. மாஞ்சியமும் தைலமரமும் வேண்டாம்.

ரப்பரை வெட்டி மறுநடவு செய்யும் வருஷம் ஓடைக்குப் பெரிய ஆபத்து. மொத்த விளையும் மொட்டையாகி முதல் மழையில் செம்மண் ஓடைக்குள் இறங்கும். அந்த மண் சரளைக்கல் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். இடுக்கு அடைந்தால் பூச்சிக்கு இடமில்லை, முட்டைக்குக் காற்றில்லை. கடைசி இரண்டு வரிசையை மட்டும் நாலு வருஷம் தள்ளி வெட்டுங்கள். அதற்குள் நீங்கள் நட்ட மரம் தலைதூக்கிவிடும். வெட்டுகிற ஒப்பந்தக்காரர் முனகுவார். முன்பணம் வாங்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லும் தடியும்

மழையில் சாய்ந்து ஓடைக்குக் குறுக்கே விழுந்த மரத்தடியை எடுத்து விறகாக்குவதுதான் நம் பழக்கம். பாலத்துக்கோ பாதைக்கோ ஆபத்தில்லை என்றால் அதை அங்கேயே விடுங்கள். தடிக்கு அடியில் தண்ணீர் சுழன்று குழிபறிக்கும். இரண்டு மழைக்காலத்தில் முழங்கால் ஆழக் கயம் ஒன்று உண்டாகும். கோடையில் மீன் ஒதுங்க அதுதான் இடம். பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் எடுங்கள். இலைக்குவியலை விட்டுவிடுங்கள்.

கயமே இல்லாமல் தட்டையாகிப்போன இடத்தில் கையால் கல் அடுக்கலாம். கூர்முனை மேல்நோக்கி இருக்க, இரண்டு கை கீழ்நோக்கி விரிந்து கரையைத் தொட, கல்லை அடுக்குங்கள். தண்ணீர் எப்போதும் கல்வரிசைக்குச் செங்குத்தாகத்தான் வழியும். அதனால் இரண்டு பக்கத்து வழிவும் நடுவிலே வந்து மோதிக் குழிபறிக்கும், கரை அரிக்காது. முனையைத் திருப்பி வைத்தால் தண்ணீர் கரையைத் தாக்கும், கவனம். உயரம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். நடுவில் மீன் ஏற ஒரு வழி விடுங்கள். சிமெண்ட் போடாதீர்கள். கல்லை ஓடையின் வேறு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவராதீர்கள், விளையில் கிடக்கும் கல்லைப் போடுங்கள்.

ஓடை புறம்போக்கு என்பதையும் மறக்கவேண்டாம். கல் அடுக்குமுன் ஊராட்சியிலும் கிராம அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். வன எல்லைக்கு மேலே சரணாலயம். அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு கல்லையும் தொடக்கூடாது.

குழாயின் உதடு

எங்கள் விளைகளுக்குப் போகும் பாதை ஓடையைக் கடக்கிற இடத்தில் ஒரு சிமெண்ட் குழாய் போட்டிருக்கிறது. போட்ட ஒப்பந்தக்காரர் தண்ணீர் போகுமா என்று மட்டும் பார்த்தார். குழாயின் கீழ்வாய் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை அடி மேலே தொங்கியது. பதினொரு வருஷம் அதைத் தினம் கடந்து போயிருக்கிறேன், தப்பாக எதுவும் தெரிந்ததில்லை.

2022 ஜூனில், மழை பிடித்த மூன்றாம் நாள் இரவு, டார்ச் எடுத்துக்கொண்டு பேத்தியோடு அங்கே போனேன். புதுவெள்ளத்தில் ஏறும் மீனை எங்கள் பக்கம் ஏத்துமீன் என்பார்கள். முட்டையிட மேலே போகும் மீன். குழாயிலிருந்து விழும் தண்ணீருக்குக் கீழே குழியில் கெண்டைகள் மொய்த்துக் கிடந்தன. ஒன்று எம்பியது. குழாயின் உதட்டுக்கு நாலு விரல் கீழே சிமெண்டில் மோதி விழுந்தது. மறுபடி எம்பியது. இன்னொன்று தண்ணீருக்குள்ளேயே நுழைந்து குழாயின் வாய்வரை போய்விட்டது. உள்ளே வழவழப்பான சிமெண்டில், இரண்டு விரல் ஆழத் தண்ணீரில், ஒரு முழம் துள்ளி முன்னேறி, அப்படியே சறுக்கிப் பின்னால் வந்து விழுந்தது. வயிறு உப்பி இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் முட்டை நிறைந்த மஞ்சள் தெரிந்தது. “அம்மச்சி, அதுக்கு வழி தெரியலியா?” என்று பேத்தி கேட்டாள். “வழி தெரியும் மக்ளே, நாமதான் அடைச்சுட்டோம்” என்றேன். அரைமணி நேரம் நின்றோம். ஒன்றுகூட ஏறவில்லை.

குழாயைப் பெயர்த்துப் புதிதாகப் போட எங்களிடம் காசில்லை. மழை விட்டதும் கீழே கல் அடுக்கி, குழித்தண்ணீரை மேலே ஏற்றினோம். மூன்று வரிசை, ஒவ்வொன்றும் அரையடி உயரம், வரிசைக்கு வரிசை ஆறடி தூரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சிறு குழி. மேல்வரிசையில் தேங்கின தண்ணீர் குழாயின் உதட்டைத் தொட்டு நிற்கும்படி ஏற்றினதும், தொங்கல் இல்லாமலாயிற்று. குழாய்க்குள் வேகம் குறைய, கால்பந்தளவு கல் ஏழெட்டை ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ளே வைத்தோம். அவற்றின் பின்னால் மீன் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். அடைபடாமல் பார்க்க வேண்டும், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை. விலாங்குக் குஞ்சுக்காகக் கனத்த தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் குழாயின் மேல்வாயில் கட்டி, ஓரமாகக் கீழ்வாய்வரை இழுத்து விட்டோம். விலாங்குக் குஞ்சு ஈரமான சொரசொரப்பில் ஊர்ந்தே ஏறக்கூடியது.

உங்கள் பக்கம் புதிதாகக் குழாய் போடப்போகிறார்கள் என்றால் வேலை தொடங்குமுன் போய்ச் சொல்லுங்கள்: அகலமான குழாய் வேண்டும், அதன் அடிப்பக்கம் நாலில் ஒரு பங்கு ஓடைத்தரைக்குள் புதைய வேண்டும், உள்ளே கல்லும் மணலும் நிரம்பி ஓடையின் தரை தொடர வேண்டும். போட்டபிறகு சொல்லிப் பயனில்லை.

விடக்கூடாத மீன், பிடிக்கக்கூடாத நாள்

ஜிலேபி மீன் இந்தியாவுக்கு வந்தது 1952-ல். தாய்மீன் குஞ்சை வாயில் வைத்துக் காப்பதால் எந்தக் குளத்திலும் பெருகிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கவே தடை உள்ள மீன்; வெள்ளத்தில் குட்டையிலிருந்து தப்பினால் ஓடையில் இருப்பதையெல்லாம் விழுங்கும். தொட்டியில் வளர்ந்து பெருத்துப்போன சக்கர் மீனை ‘பாவம்’ என்று ஓடையில் விடுகிறார்கள். கொசுவுக்கென்று கம்பூசியாவும் கப்பியும் விடுகிறார்கள். மானத்துக்கண்ணி இருக்கும் ஓடைக்கு அது வேண்டவே வேண்டாம். வேறு ஆற்று நாட்டுமீனைக்கூடக் கொண்டுவராதீர்கள். தம்பி மகன் சொன்ன அதே புரூக் டிரவுட்டை அமெரிக்காவின் மேற்கு மலைகளில் கொண்டுபோய் விட்டதில், அங்கே சொந்தமாக இருந்த கட்த்ரோட் டிரவுட் ஒடுங்கிப் போனதாம். நம் நீலகிரியிலும் மூணாறிலும் உள்ள டிரவுட்டும் வெள்ளைக்காரர் தூண்டிலுக்காகக் கொண்டுவந்ததுதான். ஓரிடத்தில் காக்கவேண்டிய மீன் இன்னோரிடத்தில் காவு வாங்குகிறது.

பிடிப்பதைப் பற்றி. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷ இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். பிளீச்சிங் பவுடர் போட்டால் மீன் மட்டுமா சாகிறது, கல்லடிப் பூச்சி, தவளை, நண்டு எல்லாம் சாகும். மறுபடி வர வருஷங்கள் ஆகும். பேட்டரி கட்டிக் கரண்டு வைக்கிற பையன்கள் எங்கள் ஓடைக்கும் வந்தார்கள். சத்தம் போட்டு விரட்டினால் மறுநாள் இரவு வருவார்கள் என்று தெரியும். “மக்ளே, தூண்டில் போடுங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டோம். ஜூன், ஜூலை ரெண்டு மாசம் மட்டும் அதுவும் வேண்டாம்” என்று உட்காரவைத்துப் பேசினோம். அதில் ஒரு பையன்தான் இப்போது குழாய்க் கல்லை அடைப்பெடுக்கிறான். வரால் பார்ப்போடு திரியும்போது தாயையும் தகப்பனையும் பிடிக்கக்கூடாது என்பது பாட்டா காலத்திலிருந்தே உள்ள வழக்கம். சிவந்த குஞ்சுக் கூட்டம் மிதந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, அந்த வழக்கத்தை எல்லா மீனுக்கும் நீட்டினோம்.

எண்ணி எழுதுவது

பழைய பெயிண்ட் வாளியின் அடியை அறுத்தெடுத்து, தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்றை சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள். ஒரு நாள் காயவிட்டு, அந்த அடிப்பாகத்தைத் தண்ணீரில் அரைவிரல் ஆழம் அமிழ்த்தி மேலிருந்து பாருங்கள். அலையும் மினுக்கமும் இல்லாமல் ஓடைத்தரை அப்படியே தெரியும். மீனைப் பிடிக்க வேண்டியதே இல்லை. மாதம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம், கால்மணி நேரம். முதல் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். நீங்கள் வந்த சத்தத்துக்கு ஒளிந்தவை அப்புறம்தான் வெளியே வரும். தேதி, வெப்பம், எந்த மீன், எத்தனை, நிழலிலா வெயிலிலா. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும்.

ஒன்றுமே காணாத மாதமும் எழுதவேண்டும். என் நோட்டில் முதல் பதினாலு மாதம் கல்லொட்டிக்கு நேரே சுழிதான். பதினைந்தாம் மாதம் ஒன்று. குழாய் வேலை முடிந்த அடுத்த ஜூலையில் பேத்தி எழுதிய வரி இது: “மதியம் 3 மணி, 27 டிகிரி. கல்லொட்டி 12. நிழலில் 9, வெயிலில் 3. கெண்டைக் குஞ்சு நிறைய, எண்ண முடியல. கயிற்றில் விலாங்கு ஒண்ணு, என் விரல் நீளம்.” வெயிலில் மூன்று என்று எழுதிய அந்த இடத்தில் புன்குக் கன்று இன்னும் இடுப்பளவுதான் நிற்கிறது. வரும் இடவப்பாதியில் அதன் இரண்டு பக்கமும் நட ஞாவல் கன்று பதினாறு பையில் வளர்கிறது.